எதை முதலில் சொல்வது என்று கேட்ட வாசகிக்கு

கேள்வி: எனக்கு 34 வயது. சொந்த ஊர் தேனிப் பக்கம். கல்யாணமாகி திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். மகள் எட்டாவது, மகன் நாலாவது. கணவர் குடித்தால் அடிப்பார், தினமும் இல்லை. ஆட்டோ வாங்கலாம் என்று சொல்லி என் பெயரில் இரண்டு குழுக்கடன் எடுக்க வைத்தார். ஆட்டோவும் வரவில்லை, பணமும் போய்விட்டது. அதை அடைக்க இன்னும் இரண்டு கடன். நகையெல்லாம் அடகில். என் கணக்கின் ஏ.டி.எம். கார்டு அவரிடம் இருக்கிறது, அரசு தருகிற மகளிர் உரிமைத் தொகையையும் அவரே எடுத்துவிடுவார். ஸ்டேஷனுக்குப் போனேன், குடும்பப் பிரச்சினை பேசித் தீர்த்துக்கோங்க என்றார்கள். கடன் கம்பெனியில் உங்கள் வீட்டுச் சண்டை எங்களுக்கு எதற்கு என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் தலைவலிக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அம்மா வீட்டில் பொறுத்துக்கொள் என்கிறார்கள். கூட வேலை பார்க்கும் அக்கா 'சகி மையம்' இருக்கிறது, போய்ப் பார் என்கிறார். அது அடிபட்டவர்களுக்குத்தானே? என் பிரச்சினை கடனா, அடியா, எதை முதலில் சொல்வது? போனால் கேஸ் போட்டுவிடுவார்களா? பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களா? சில நாள் ராத்திரி எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. பெயர் வேண்டாம்.

பதில்:

வணக்கம்மா. உங்கள் கடிதத்தில் கடைசியாக எழுதிய வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். சில நாள் ராத்திரி அப்படித் தோன்றுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நாலு கடன், அடி, தூக்கமில்லாத இரவுகள், அம்மா வீடும் கதவைச் சாத்தியது என்று எல்லாம் சேர்ந்து அழுத்தும்போது அந்த எண்ணம் வருவதில் ஆச்சரியமும் இல்லை, வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அதை நீங்கள் ஒருவரே வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. 14416 என்று ஒரு எண் இருக்கிறது, டெலி மானஸ். 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. இன்று ராத்திரி தோன்றினால் இன்று ராத்திரியே கூப்பிடுங்கள். சகி மையத்தைப் பற்றிச் சொன்ன அந்த அக்காவிடமும் நாளை சாப்பாட்டு நேரத்தில் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், "அக்கா, எனக்கு இப்படி யோசனை வருது, ராத்திரி போன் பண்ணினா எடுங்க" என்று. அவ்வளவு சொன்னால் போதும். அந்த எண்ணம் ரொம்ப நெருக்கமாக வந்து உட்கார்ந்துவிட்டது என்றால் காத்திருக்காதீர்கள், அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு நேரே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

உங்கள் பிரச்சினை கடனா அடியா என்று கேட்கிறீர்கள். ஏன் இப்படிக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் போன இடமெல்லாம் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டேஷனில் அடியைப் பற்றிக் கேட்டார்கள், கடனைக் கேட்கவில்லை. கடன் கம்பெனிக்குத் தவணை மட்டும் வேண்டும். டாக்டர் தலைவலியைப் பார்த்தார், தலை ஏன் வலிக்கிறது என்று கேட்க அவருக்கு நேரமில்லை. இப்படி நாலு இடம் அலைந்தால் யாருக்கும் நம் பிரச்சினையை நாமே நாலு துண்டாக வெட்டி, எந்த கவுன்டரில் எதை நீட்டுவது என்று யோசிக்கிற பழக்கம் வந்துவிடும். நான் பார்த்த பெண்களில் பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்து திரும்பிப் போகிறார்கள். உங்கள் விஷயத்தில் கடன் அடியிலிருந்து வந்தது, அடி கடனால் கூடியது, தலைவலி இரண்டிலிருந்தும் வந்தது. வரிசைப்படுத்துவது உங்கள் வேலை இல்லை. அதற்கென்று சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் மொத்தமாகச் சொல்லலாம்.

சகி மையம் என்பது அதற்காக வந்ததுதான். அரசுக் காகிதங்களில் 'ஒருங்கிணைந்த சேவை மையம்' என்று இருக்கும். 2012-ல் டெல்லி பஸ்ஸில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு வந்த நிர்பயா நிதியிலிருந்து, 2015 ஏப்ரலில் இருந்து நாடு முழுக்க மாவட்டந்தோறும் தொடங்கப்பட்ட திட்டம். நம் ஊரில் சமூக நலத்துறைக்குக் கீழே வருகிறது. மருத்துவ உதவி, காவல்துறை உதவி, மன ஆலோசனை, சட்ட உதவி, தற்காலிகமாகத் தங்க இடம், இந்த ஐந்தும் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பெரும்பாலும் அரசு மருத்துவமனை வளாகத்திலோ கலெக்டர் அலுவலகத்தை ஒட்டியோ இருக்கும். உங்கள் வீட்டிலிருந்து எங்கே, எந்த பஸ் என்று 181-ஐக் கூப்பிட்டுக் கேட்டால் சொல்வார்கள். 181 பெண்களுக்கான உதவி எண், அதுவும் இரவு பகல் எந்நேரமும் உண்டு, இலவசம்.

அது அடிபட்டவர்களுக்குத்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் விஷயம், நீங்கள் அடிபட்டவர்தான். "தினமும் இல்லை" என்று நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மாதம் ஒரு தடவை அடித்தாலும் மிச்ச நாளெல்லாம் இன்றைக்கு எப்படி வருவாரோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019–21) தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரிடமிருந்து வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் செக்கிங் டேபிளில் ஐந்து பேர் நின்றால் அதில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். 2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. அதன் 3-வது பிரிவில் உடல், பாலியல், வார்த்தை மற்றும் மனரீதியான வன்முறையோடு பொருளாதார வன்முறையும் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் சம்பாத்தியத்தை உங்கள் கையில் விடாமல் எடுத்துக்கொள்வது, நகையைத் தூக்கிக் கொண்டுபோய் அடகு வைப்பது, வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் இருப்பது எல்லாம் அதில் வரும். ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி வைத்திருப்பதும், ஆட்டோவைச் சொல்லி உங்கள் பெயரில் கடன் எடுக்க வைத்ததும் அதே கணக்குதான். ஆகவே கடனைப் பற்றிப் பேசினால் "அது வேறு டிபார்ட்மென்ட்" என்று யாரும் சொல்ல முடியாது. கடனைப் பற்றிச் சொல்லும்போது எந்த மாதம், எந்த கம்பெனி, பணம் யார் கையில் போனது, அன்றைக்கு அவர் என்ன சொன்னார், மிரட்டினாரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

போனால் கேஸ் போட்டுவிடுவார்களா? உங்களைக் கேட்காமல் கணவர் மேல் எஃப்.ஐ.ஆர். போட வைப்பது மையத்தின் வேலை இல்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தில் கேட்கிற நிவாரணங்கள் எல்லாம் சிவில் தன்மை கொண்டவை. அடிக்கக் கூடாது, தொந்தரவு பண்ணக் கூடாது என்று உத்தரவு, குடியிருக்கும் உரிமை, பண நிவாரணம், பிள்ளைகள் உங்களிடம் இருப்பதற்கான தற்காலிக உத்தரவு, இதெல்லாம் மாஜிஸ்திரேட் கொடுப்பார். அந்த உத்தரவை அவர் மீறினால்தான் அது குற்றமாகும், ஒரு வருடம் வரை சிறை உண்டு. இதற்கெல்லாம் அடிப்படை 'குடும்ப நிகழ்வு அறிக்கை' என்கிற ஒரு படிவம், ஆங்கில எழுத்தில் டி.ஐ.ஆர். என்பார்கள். மாவட்டத்தில் இருக்கிற பாதுகாப்பு அலுவலர் அதை நீங்கள் சொல்லச் சொல்ல எழுதுவார். அதன் நகல் ஸ்டேஷனுக்கும் போகும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்து நீங்கள் பயந்துவிடக் கூடாது. நகல் போவதாலேயே அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட மாட்டார்கள். கிரிமினல் புகார் கொடுப்பதா என்பது நீங்கள் தீர்மானிக்க வேண்டியது. கொடுப்பதென்றால், கணவர் மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான பழைய 498ஏ பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவாக இருக்கிறது, அதில் போகலாம். இன்றே முடிவெடுக்கத் தேவையில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. மகளுக்கோ மகனுக்கோ யாராலாவது பாலியல் தொந்தரவு நடந்திருப்பதாகத் தெரியவந்தால், போக்சோ சட்டப்படி அதைப் போலீசுக்குச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் மையத்துக்கு உண்டு. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை, ஆனாலும் தெரிந்துகொண்டு போங்கள்.

பிள்ளைகளைப் பிரிக்க மாட்டார்கள். உங்களோடு அழைத்துப் போகலாம். மகள் எத்தனை வயதானாலும் உங்களோடு தங்கலாம். மகன் விஷயத்தில்தான் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். தங்குமிடங்களில் ஆண் பிள்ளைகளுக்கு வயது வரம்பு வைத்திருப்பார்கள், அதனால் 181-ல் பேசும்போதே மகன் நாலாவது படிக்கிறான், இத்தனை வயது என்று சொல்லி, கூட தங்க முடியுமா என்று உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். பையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்ற பிறகு அந்தப் பேச்சு வரக் கூடாது.

இப்போது நான் சொல்லப்போவதை மையத்தில் இருப்பவர்கள் எல்லாரும் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சகி மையத்தில் தங்க முடிவது ஐந்து நாள் வரைதான். ஆறாவது நாள் எங்கே என்கிற கேள்விக்குப் பதில் இல்லாமல் போகிற பெண்கள்தான் திரும்பவும் அதே வீட்டுக்குப் போய், "போனியே, என்ன ஆச்சு?" என்கிற பேச்சையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். ஆகவே அங்கே போன முதல் நாளே, உங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட கேஸ் வொர்க்கர் யார் என்று கேட்டு, அவர் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டு, "ஐந்து நாளுக்கு அப்புறம் என்ன ஏற்பாடு?" என்று கேளுங்கள். இதற்கு மூன்று நான்கு வழி இருக்கிறது. கொஞ்ச காலம் தங்க சக்தி சதன் என்கிற இல்லங்கள் உண்டு, முன்பு ஸ்வாதார் இல்லம் என்று இருந்தது அதுதான். கைவிடப்பட்ட, கணவரை இழந்த பெண்கள் தங்கிப் படிக்கவும் தொழில் கற்கவும் சமூக நலத்துறையின் அரசு சேவை இல்லங்கள் சில ஊர்களில் இருக்கின்றன. ஆனால் உங்களைப் போல கையில் வேலை இருக்கிறவருக்கு இல்லத்தில் போய் உட்கார்வது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வேலை போனால் நாலு கடனும் இன்னும் இறுக்கும்.

உண்மையில் வீட்டை விட்டு நீங்கள்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? லைன் வீடோ காம்பவுண்ட் வீடோ, வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்தாலும், அது நீங்கள் சேர்ந்து குடியிருந்த வீடு. அதில் இருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. 19-வது பிரிவில், அவரை அந்த வீட்டிலிருந்து வெளியேறச் சொல்லியோ, உங்களுக்கு வேறு வீடு பார்த்து வாடகை கொடுக்கச் சொல்லியோ மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். உங்கள் நகையைத் திருப்பித் தரச் சொல்லியும் அதே பிரிவில் கேட்கலாம். மனு போட்டால் மூன்று நாளுக்குள் முதல் வாய்தா, 60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது, நடப்பில் மாதக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் மனுவோடேயே 23-வது பிரிவில் இடைக்கால உத்தரவும் சேர்த்துக் கேட்க வேண்டும். வக்கீலிடம் இதை நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள், சிலர் மறந்துவிடுவார்கள்.

வக்கீல் என்றதும் ஃபீசுக்கு எங்கே போவது என்று நினைப்பீர்கள். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்ணாக இருந்தாலே இலவச வக்கீலுக்குத் தகுதி உண்டு, வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்கக் கூடாது. கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், எண் 15100. மையத்திலிருந்தே அனுப்பி வைப்பார்கள்.

அம்மா வீட்டுக்கே போய்விடுவதென்று தீர்மானித்தாலும் வழக்குக்காகத் திருப்பூர் வரத் தேவையில்லை. இந்தச் சட்டத்தில் நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊரிலேயே மனு போடலாம். தேனியிலும் சகி மையம், பாதுகாப்பு அலுவலர், கோர்ட் எல்லாம் இருக்கிறது. "பொறுத்துக்கொள்" என்று சொன்ன அம்மாவின் மனசு, வழக்குக்கு அலைய வேண்டியதில்லை, செலவில்லை என்று தெரிந்தால் கொஞ்சம் மாறலாம். நிறைய அம்மாக்கள் அப்படிச் சொல்வதற்கு மகளைச் சோறு போட்டு வைத்துக்கொள்ள முடியுமா என்கிற பயம்தான் காரணம்.

பிள்ளைகளின் படிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஊர் மாறுவதற்கு எல்லாரும் யோசிப்பது அதனால்தான். மகள் எட்டாவதில் இருக்கும்வரை இருவரும் கல்வி உரிமைச் சட்டத்துக்குள் வருகிறார்கள். டி.சி. கிடைக்கத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டி வேறு அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது, அப்பா கையெழுத்து இருந்தால்தான் சேர்ப்போம் என்பதும் செல்லாது. மகள் ஒன்பதாவதுக்குப் போய்விட்டால் இந்தப் பாதுகாப்பு அவளுக்கு இல்லை, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கடன். இதில் உங்களுக்கு இனிப்பாக எதையும் சொல்ல மாட்டேன். சகி மையம் கடனைத் தள்ளுபடி பண்ணாது. கையெழுத்து உங்களுடையது, கம்பெனியைப் பொறுத்தவரை கடன்காரர் நீங்கள்தான். ஆனால் இரண்டு விஷயம் செய்யலாம். மாஜிஸ்திரேட்டிடம் 20-வது பிரிவில் பண நிவாரணம் கேட்கும்போது, இந்தக் கடன்களையும் அவரால் ஏற்பட்ட இழப்பாகச் சேர்த்து, தவணைக்கான பணத்தை அவர் உங்களுக்குத் தர வேண்டும் என்று கேட்கலாம். கிடைக்குமா என்பது கையில் இருக்கிற ஆதாரத்தைப் பொறுத்தது. பணம் உங்கள் கணக்கில் விழுந்த அன்றோ மறுநாளோ ஏ.டி.எம்.மில் மொத்தமாக எடுக்கப்பட்டிருந்தால் பாஸ்புக்கில் அது தெரியும், அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று வசூல் தொல்லை. குழுக்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் தெளிவாக விதி போட்டிருக்கிறது. காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, சொந்தக்காரர்களையும் கூட வேலை பார்ப்பவர்களையும் தொந்தரவு பண்ணக் கூடாது. வசூல் செய்ய முதலில் பேசிவைத்த இடம்தான், அடுத்தடுத்து இரண்டு தடவை நீங்கள் அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கே வரலாம். குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகிற மாதிரி கடன் கொடுக்கவும் கூடாது. மூன்றாவதும் நாலாவதும் கொடுத்தவர்கள் உங்கள் வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்களா என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. கடன் கம்பெனி கொடுத்த தவணை அட்டையில் புகார் எண் அச்சிட்டிருப்பார்கள், முதலில் அங்கே சொல்லுங்கள், எழுத்தில் இருந்தால் நல்லது. பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் உதவி எண் 14448. இதற்கு மேல் மிரட்டினால் தமிழ்நாடு அரசு 2025-ல் கட்டாய வசூலைத் தடுக்கவே தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது, போலீசில் புகார் கொடுக்கலாம். இந்தக் கடன்களில் ஏதாவது தெருவில் வட்டிக்கு விடுபவரிடம் வாங்கியதென்றால் 2003-ன் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது.

குழுவில் இருக்கிற மற்ற பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் கட்டாவிட்டால் அவர்கள் தலையில் விழும், அதனால் அவர்கள் உங்கள் மேல் கோபப்படுவார்கள், அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஊரை விட்டுப் போவதாக இருந்தாலும் குழுத் தலைவியிடம் மட்டுமாவது, அவர் வாய் கட்டுப்பாடானவர் என்று நம்பினால், உள்ளதைச் சொல்லுங்கள். நீங்கள் தலைமறைவாகிவிட்டதாக அவர்கள் நினைப்பதுதான் உங்களுக்கு இருக்கிற கொஞ்சநஞ்ச ஆதரவையும் கெடுக்கும். கணவரிடம் போய்ச் சொல்லிவிடுவார் என்று லேசாகச் சந்தேகம் இருந்தாலும் சொல்லாதீர்கள், மையத்திலிருந்து பேசச் சொல்லலாம்.

கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான் என் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் பெண்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். உங்கள் ஆதாரில் யாருடைய போன் எண் இருக்கிறது? பேங்க் கணக்கில்? பி.எஃப்.பில்? பல வீடுகளில் மனைவியின் எல்லாக் கணக்குக்கும் கணவரின் எண்தான் கொடுக்கப்பட்டிருக்கும். ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகிறவரை உங்கள் காசு உங்கள் காசு இல்லை. முதல் வேலையாக ஆதார் மையத்திலோ தபால் அலுவலகத்திலோ எண்ணை மாற்றுங்கள். மாறியதும், அவருக்குத் தெரியாத வேறு பேங்கிலோ தபால் நிலையத்திலோ புதுக் கணக்கு தொடங்கி, கம்பெனியில் சம்பளம் பார்க்கிறவரிடம் இனிமேல் இதில் போடச் சொல்லுங்கள். கையில் சம்பளம் வாங்குகிறீர்கள் என்றால் இன்னும் சுலபம். உரிமைத் தொகை வருகிற கணக்கின் பழைய கார்டை பேங்கில் சொல்லி முடக்கிவிடலாம், ஆனால் முடக்கிய அன்று அவருக்குத் தெரிந்துவிடும், அதனால் அதைக் கிளம்புகிற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே செய்துவிட்டு அடி வாங்காதீர்கள்.

காகிதங்களையும் அதே மாதிரி சத்தமில்லாமல் சேர்க்க வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்யாணப் பத்திரிகையோ போட்டோவோ, நாலு கடனுக்கும் உள்ள தவணை அட்டைகள், அடகுச் சீட்டு, மருந்துச் சீட்டு. அசல் எடுத்தால் சந்தேகம் வரும் என்றால் ஜெராக்ஸ் எடுத்து அக்கா வீட்டில் வையுங்கள். போனில் படம் எடுத்து வைப்பதென்றால் அவர் உங்கள் போனைப் பார்ப்பவரா என்று யோசித்துச் செய்யுங்கள். 181-க்கு அக்காவின் போனிலிருந்து கூப்பிடுவது நல்லது. உங்கள் போனிலிருந்து என்றால் பேசியதும் அழைப்புப் பட்டியலில் இருந்து அழித்துவிட்டு, "திருப்பிக் கூப்பிடாதீர்கள், நானே கூப்பிடுகிறேன்" என்றும் சொல்லிவிடுங்கள்.

அடுத்த தடவை அடி பட்டால், படக் கூடாது, பட்டால், அரசு மருத்துவமனையில் "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். கணவர் அடித்தது என்று சொன்னால் ஏ.ஆர். என்று விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், அதன் நகல் கோர்ட்டில் பெரிய ஆதாரம். ஸ்டேஷனுக்குத் தகவல் போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு இ.எஸ்.ஐ. கார்டு இருக்குமே, தலைவலிக்கும் தூக்கத்துக்கும் அங்கே போய்க் காட்டலாம், செலவில்லை. இந்தத் தடவை மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், "வீட்டில் அடி, ராத்திரி தப்பான யோசனை வருது" என்று டாக்டரிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஸ்டேஷனுக்கு மறுபடி போக நேர்ந்தால் வாய்ப்பேச்சோடு திரும்பாமல் புகார் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.

மையங்களைப் பற்றி ஒரு உண்மை. எல்லா மாவட்டத்திலும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். வேலை பார்ப்பவர்கள் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள், நல்ல கேஸ் வொர்க்கர் ஒருவர் பழகி முடிப்பதற்குள் வேறு வேலை கிடைத்துப் போய்விடுவார். சில இடங்களில் ஆலோசனை என்கிற பெயரில் கணவரை வரச் சொல்லி, இரண்டு பேரையும் உட்கார வைத்து, "இனிமேல் குடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். எழுதிக்கொடுத்தவர் குடியை விட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. உங்களுக்கு அப்படிப் பேச்சு வார்த்தை வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், அவரோடு ஒரே அறையில் உட்கார நீங்கள் சம்மதிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. "டி.ஐ.ஆர். எழுதுங்கள், நகல் எனக்கு வேண்டும்" என்று கேளுங்கள். அந்த ஒரு வாக்கியம் தெரிந்த பெண்ணிடம் பேசுகிற தொனியே மாறும், பார்த்திருக்கிறேன். தனியாகப் போகாமல் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாலும், உங்கள் பகுதியில் மாதர் சங்கத்துக்காரர்கள் இருந்தால் அவர்களில் ஒருவரோடு போனாலும் அதே பலன் கிடைக்கும். மையத்தில் சரியாக நடக்கவில்லை என்றால் மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

போய் உட்கார்ந்ததும் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அழுகை வரும். வரட்டும், அவர்களுக்கு அது பழக்கம். நீங்கள் எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தையே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடுங்கள், கடைசி வரியோடு சேர்த்து. அதில் கடன், அடி, நகை, கார்டு, தலைவலி, அம்மா எல்லாம் இருக்கிறது.

உயிருக்கு ஆபத்து என்கிற நிலை வந்தால் நாள் நேரமெல்லாம் பார்க்காதீர்கள், 112 அல்லது 181, பையும் காகிதமும் பிறகு. அப்படி இல்லையென்றால் சனிக்கிழமை சம்பளம் வாங்கியபின், திங்களை விட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை காலையில் போங்கள். மையம் எல்லா நாளும் திறந்திருக்கும், ஆனால் திங்கள் கலெக்டர் ஆபீசில் மனு நாள், சமூக நலத்துறை அதிகாரிகள் அங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள், பாதுகாப்பு அலுவலரைப் பிடிக்க முடியாது. கம்பெனியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அரை நாள் லீவு கேளுங்கள். போய்வந்த பிறகு அங்கே என்ன சொன்னார்கள் என்று அக்காவின் போனிலிருந்தாவது எனக்கு எழுதுங்கள், எந்த இடத்தில் முட்டுகிறதோ அங்கிருந்து மேற்கொண்டு பேசுவோம்.